பானை ஓட்டில் ஒரு பெயர்

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில், படிவம் ஒன்று வரலாற்றுப் பாடத்தில் கிரேக்க, உரோம நாகரிகங்கள் இடம்பெற்றுள்ளன. கி.மு. 753இல் உரோம நகரம் தோன்றியதாகக் கூறும் மரபு, கி.மு. 27இல் அகஸ்டஸ் முதல் பேரரசரானது, கி.பி. 476இல் மேற்கு உரோமப் பேரரசு வீழ்ந்தது எனப் பல ஆண்டுக் குறிப்புகளை மாணவர்கள் மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவற்றுள் பல மறந்துபோகின்றன. “சுங்கை சிப்புட்டில் வாழும் எனக்கும் உரோமுக்கும் என்ன தொடர்பு?” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். அது தட்டிக்கழிக்க வேண்டிய கேள்வியன்று. உரோம வரலாற்றுப் பாடத்தை அக்கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கண்முன் இருக்கும் உரோம்

மலாய்மொழியை எழுத இன்று பெரிதும் பயன்படும் எழுத்துக்கு ‘ரூமி’ என்று பெயர். உரோமையும் அதன் வழிவந்த கிழக்குப் பேரரசையும் அரபு மக்கள் ‘ரூம்’ என அழைத்தனர். அச்சொல்லே நம் நாட்டு எழுத்தின் பெயரில் நிலைத்துவிட்டது. நாள்காட்டியில் ஜூலை மாதம் ஜூலியஸ் சீசரின் பெயரையும், ஆகஸ்டு மாதம் அகஸ்டசின் பெயரையும் தாங்கி நிற்கின்றன.

ஈப்போ பழைய நகரில் இரயில் நிலையமும் நகர மண்டபமும் எதிரெதிரே அமைந்துள்ளன. அவற்றை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர். இரயில் நிலையம் 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. இக்கட்டடங்களின் தூண்களையும் வளைவுகளையும் காணும் மாணவர், பாடநூலில் உள்ள உரோமக் கட்டடப் படங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வளைவை முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள் உரோமானியர் அல்லர். எனினும், அதைப் பாலங்களிலும் நீர்க்கால்களிலும் அரங்குகளிலும் பரவலாகப் பயன்படுத்தியவர்கள் அவர்களே. அக்கலை ஐரோப்பியர் வழியாகக் கிந்தா பள்ளத்தாக்குவரை வந்து சேர்ந்தது.

மிளகும் பொன்னும்

உரோமுக்கும் தமிழருக்கும் இருந்த தொடர்பு இதைவிட நெருக்கமானது. கி.மு. 30இல் எகிப்து உரோமின் ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் பெருகின. மையோஸ் ஹோர்மோஸ் என்னும் ஒரு துறைமுகத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்டிராபோ என்ற அறிஞர் எழுதியுள்ளார். பருவக்காற்றின் துணையோடு வந்த அக்கப்பல்கள் சேர நாட்டின் முசிறித் துறைமுகத்தில் மிளகை ஏற்றின. உரோமானியரையும் கிரேக்கரையும் சங்கப் புலவர்கள் ‘யவனர்’ என்றனர். யவனரின் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றில் உள்ளது.

மிளகுக்கும் பிற பொருள்களுக்கும் உரோம் பெரும் விலை கொடுத்தது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குச் சென்றுவிடுவதாக மூத்த பிளினி குறைகூறினார். எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் அகழ்வாராய்ச்சி செய்தவர்கள், இந்தியாவில் செய்யப்பட்ட ஒரு தாழியில் 7.5 கிலோ மிளகு அப்படியே இருப்பதைக் கண்டனர். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் உரோமப் பொற்காசுகள் அடங்கிய ஒரு புதையல் கிடைத்தது. அக்காசுகளுள் பலவற்றில் பேரரசரின் முகத்தின்மீது உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது.

அவ்வாறு வெட்டியதன் காரணம் என்ன? காசு மீண்டும் காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாகவே மதிக்கப்பட வேண்டும் என்பதற்காகவா? உள்ளே இருப்பதும் பொன்தானா என்று சோதிப்பதற்காகவா? அல்லது வேற்று நாட்டு மன்னரின் அதிகாரம் இங்குச் செல்லாது எனக் காட்டுவதற்காகவா? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால் ஒவ்வொரு குழுவும் ஒரு விடையைக் கூறும். ‘உன் விடைக்குச் சான்று என்ன?’ என்று ஆசிரியர் அடுத்துக் கேட்கும்போது வரலாற்றுச் சிந்தனை தொடங்குகிறது.

எளியவர் விட்டுச்சென்ற எழுத்து

வரலாற்று நூல்களில் பேரரசர்களின் பெயர்களே மிகுதி. ஆயினும், எளிய மனிதர்களின் பெயர்களும் சில வேளைகளில் தப்பிப் பிழைத்துள்ளன. எகிப்தில் மையோஸ் ஹோர்மோஸ் இருந்த இடம் இன்று குசேர் அல் காதிம் எனப்படுகிறது. அங்குக் கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் கணன், சாதன் ஆகிய பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றோர் ஓட்டில் பானையைத் தொங்கவிடும் ‘உறி’யைக் குறிக்கும் சொல் காணப்படுகிறது. பாட்டி வீட்டில் உறியைப் பார்த்த மாணவருக்கு 2,000 ஆண்டு இடைவெளி ஒரு நொடியில் சுருங்கிவிடும். கணனும் சாதனும் எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதை அந்த ஓடுகள் கூறவில்லை. ஆனால், உரோமப் பேரரசின் துறைமுகம் ஒன்றில் தம் பொருளுக்கு அடையாளமாகத் தம் பெயரைத் தாய்மொழியில் எழுதிய மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை போதிய சான்றாகும்.

இத்தகைய சான்றுகள் மலாய்த் தீபகற்பத்திலும் கிடைத்துள்ளன. தென் தாய்லாந்தின் குளோங் தோம் என்னும் ஊரில் பொன்னின் தரத்தை உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் எழுதப்பட்டுள்ளது. பெரும்பதன் என்ற பொற்கொல்லரின் உரைகல் அது. அதே இடத்தில் உரோமானியப் பாணியில் உருவம் செதுக்கிய மணிக்கற்களும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பேராக் மாநிலக் கடலோரத்தில் உள்ள கோலசிலின்சிங்கில் மணிகள் செய்த பழைய குடியிருப்பு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த முத்திரைக் கல் அங்குக் கிடைத்தது. கடல் வணிகப் பாதையில் பேராக்கும் ஓர் இடத்தைப் பெற்றிருந்ததை இவை உணர்த்துகின்றன.

பண்ணையும் தோட்டமும்

உரோமின் செல்வம் வணிகத்தால் மட்டும் வளரவில்லை. செல்வந்தர்களின் பெரும் பண்ணைகளில் அடிமைகள் உழைத்தனர். கேட்டோ என்பவர் எழுதிய வேளாண்மை நூல், பழைய கருவிகளை விற்பதுபோல் முதுமையடைந்த அடிமைகளையும் விற்றுவிடுமாறு பண்ணை உரிமையாளருக்கு அறிவுரை கூறுகிறது. அந்த அடிமைகள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களே எழுதிய நூல் ஒன்றும் இல்லை. கி.மு. 73இல் ஸ்பார்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சியைக்கூட அவர்களை வென்றவர்களின் நாட்டவர் எழுதிய நூல்களிலிருந்தே அறிய முடிகிறது.

இதைப் படிக்கும் பேராக் மாணவருக்குத் தோட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது அவற்றின் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. உரோமானியரின் சுவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகுக் கொடிக்கு விலை தேடித் தந்ததுபோல, அமெரிக்கச் சாலைகளின் தேவை பேராக் காடுகளைத் தோட்டங்களாக்கியது. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்கள் விடியற்காலைப் பெரட்டில் நின்று, பால்மரம் வெட்டி, லயத்து வீடுகளில் வாழ்ந்தனர்.

எனினும், ஒப்பீடு கவனமாகச் செய்யப்பட வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் அடிமைகள் அல்லர். அவர்களை யாரும் சந்தையில் விற்கவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. அதே வேளையில், பயணச் செலவுக்கான கடனும் குறைந்த சம்பளமும் பலரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இங்கு அனுப்புவதைத் தடைசெய்தது. ஒற்றுமையையும் வேற்றுமையையும் தனித்தனியே பட்டியலிடும் மாணவர் இரண்டு காலங்களையும் தெளிவாகப் புரிந்துகொள்வார்.

காலம் கடப்பதற்கு முன்

ஒரு வகையில் இன்றைய மாணவர் உரோம வரலாற்றாசிரியரைவிடப் பேறு பெற்றவர். பண்ணை அடிமையிடம் இனி எவரும் கேள்வி கேட்க முடியாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியிடம் இன்றும் கேட்கலாம். ஆனால், அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. பேராக்கில் பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டப்புற மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நிர்வாகத்தின் கணக்கேடுகள் எங்கேனும் எஞ்சியிருக்கும். எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு பால் சேர்ந்தது என்பதை அவை கூறும். மழை நாளில் வேலையில்லாதபோது வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்பதை அவை கூறமாட்டா.

ஆகவே, உரோம வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாக மாணவர்கள் தம் குடும்பத்து மூத்தோர் ஒருவரைப் பேட்டி காணலாம். முதலில் அவரது இசைவைப் பெற வேண்டும். தோட்டத்தின் பெயர், வாழ்ந்த ஆண்டுகள், செய்த வேலை, பயன்படுத்திய சொற்கள் ஆகியவற்றை அவர் கூறியவாறே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், பழைய நிழற்படம், பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு போன்றவற்றோடு அக்குறிப்புகளை ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் ஒன்றை உடனே ஒதுக்கிவிடாமல், முரண்பாட்டின் காரணத்தை ஆராய வேண்டும். உரோமக் காசையும் பானை ஓட்டையும் ஆராய்வோர் பின்பற்றும் முறையும் இதுவே.

தம் பெயர் 2,000 ஆண்டுகள் நிலைத்திருக்கும் என்று கணனும் சாதனும் எண்ணியிருக்கமாட்டார்கள். பானை ஓடு மண்ணுக்குள் கிடந்து காத்திருந்தது. மனிதரின் நினைவு அவ்வாறு காத்திருப்பதில்லை. கேட்பவர் இருக்கும்போதே அது எழுத்தாக வேண்டும்.

சிந்தனை வினாக்கள்

1. உரோமப் பொற்காசில் உளித் தழும்பு இருந்ததற்கான காரணங்களுள் எதை நீ ஏற்கிறாய்? ஏன்?
2. உரோமப் பண்ணைக்கும் இரப்பர்த் தோட்டத்திற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் விளக்குக.
3. உன் குடும்பத்து மூத்தோரிடம் கேட்க விரும்பும் ஐந்து கேள்விகளை எழுதுக.