ஊர்தோறும் சென்ற ஆட்டக்காரர்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கு நோக்கித் திருக்கழுக்குன்றத்தைக் கடந்து சென்றால் மாமல்லபுரக் கடற்கரையை அடையலாம். அங்குள்ள இரதங்களையும் புடைப்புச் சிற்பங்களையும் காண்போர் பல்லவ மன்னரைப் புகழ்வர். உளி பிடித்த கைகளை நினைப்போர் சிலரே. ஆயினும், அண்மையிலுள்ள பூஞ்சேரியில் ஒரு பாறையின்மீது சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் முதலிய அப்பெயர்கள், சிற்பப் பணி செய்தோருடையவை எனக் கருதப்படுகின்றன.

மாலை வேளையில் இக்கடற்கரை மணலில் சிறுவர்கள் வெறுங்காலுடன் பந்தாடுவதைக் காணலாம். மணலில் பந்து எளிதில் உருளாது. ஓடுங்கால் ஒவ்வோர் அடியும் புதையும். அச்சிறுவருள் ஒருவன், 'நானும் பெரிய ஆட்டக்காரன் ஆவேன்' என்று எண்ணக்கூடும். அவன் செல்ல வேண்டிய வழி எத்தகையது?

கால்பந்தாட்ட உலகம் படிகள் பல அமைந்த திருக்குளம் போன்றது. 1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 12 கழகங்கள் கூடித் தொடர்போட்டி ஒன்றை ஏற்படுத்தின. 1892இல் அதற்கு இரண்டாம் பிரிவு உண்டாயிற்று. நன்கு ஆடிய குழு மேற்பிரிவுக்கு ஏறும். பின்தங்கிய குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். பிற நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. மேற்படியில் நிற்போர் சிலர். கீழ்ப்படிகளில் நிற்போரோ மிகப் பலர்.

கீழ்ப்படியில் ஆடுவோர்க்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ஓர் ஆட்டப் பருவத்துக்கே கிடைக்கும். பருவம் முடிந்தால் வேறு கழகம், வேறு ஊர். முழங்கால் ஒருமுறை பிசகினால் பிழைப்பே போய்விடலாம். ஆதலின், தமிழ்நாட்டு ஆட்டக்காரர் பலர் இரயில்வே, வங்கி, பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை போன்றவற்றில் வேலையும், அவற்றின் குழுக்களில் இடமும் நாடினர். 1996ஆம் ஆண்டில் தேசியக் கால்பந்துத் தொடர் தொடங்கியபோது, சென்னை இந்தியன் வங்கிக் குழுவும் அதில் இடம்பெற்றது.

இத்தகைய அலைச்சலை மேற்கொண்ட தமிழருள் ஒருவர் தஞ்சாவூர்க் குலோத்துங்கன். அவர் நடுக்கள ஆட்டக்காரர். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, முன்வரிசையில் நிற்பவனுக்கு அளிப்பதே நடுக்களத்தாரின் தொழில். கோல் அடித்தவன் பெயரை மக்கள் ஆரவாரத்துடன் கூறுவர். பந்தை அளித்தவன் பெயர் அவ்வாரவாரத்தில் அமிழ்ந்துவிடும்.

2003ஆம் ஆண்டில் சக்கார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் கழகக் கோப்பைப் போட்டியில், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் தாய்லாந்துக் குழுவை 3-1 என்று வென்றது. அவ்வெற்றிக் குழுவில் குலோத்துங்கனும் இருந்தார். ஆயினும், அவர் ஒரே கழகத்தில் நிலைத்திருக்கவில்லை. மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், மும்பை எஃப்.சி., விவா கேரளா எனக் கழகம் மாறிக் கழகம் சென்றார். மொழி மாறியது, உணவு மாறியது, சட்டையின் நிறம் மாறியது, ஆட்டம் மட்டும் மாறவில்லை. சந்தோஷ் கோப்பைப் போட்டியில் தமிழ்நாட்டுக் குழுவுக்குத் தலைமையும் தாங்கினார். 2018ஆம் ஆண்டு சூன் மாதம், தம் ஊராகிய தஞ்சாவூரில் நிகழ்ந்த சாலை விபத்தில், நாற்பது வயதளவில் உயிர் நீத்தார்.

மாணவர்களே! எல்லோரும் மேற்படியை அடைதல் இயலாது. ஆடுவோர் பலர் இல்லையேல் தொடர்போட்டி ஏது? கீழ்ப்படிகள் இல்லையேல் மேற்படி எதன்மேல் நிற்கும்? ஆதலால், விளையாட்டை விரும்புவோர் அதனோடு கல்வியையும் ஒரு தொழிலையும் கைக்கொள்ளல் வேண்டும். விளையாட்டைக் காண்போருக்கும் ஒரு கடமை உண்டு. கோல் அடித்தவனைப் புகழும்போது, பந்தை அளித்தவன் யார் என்றும் கேட்டறிதல் வேண்டும். பூஞ்சேரிப் பாறை அன்று உழைத்தோரின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. இன்று உழைப்போரின் பெயரைக் காக்க வேண்டியவர் நாமே.

பயிற்சி

1. கால்பந்தாட்ட உலகம் திருக்குளத்துக்கு எவ்வாறு ஒப்பிடப்படுகிறது?
2. நடுக்கள ஆட்டக்காரரின் பணி யாது?
3. பூஞ்சேரிப் பாறை நமக்கு உணர்த்துவது என்ன?