சி.டி.யின் வானவில்லும் வெள்ளிப் படலத்தின் துளைகளும்

பயன்படாமல் கிடக்கும் ஒரு சி.டி.யையும் ஒரு டி.வி.டி.யையும் எடுத்துக் கொள்ளுங்கள். அறை விளக்கின் வெளிச்சம் பளபளப்பான பக்கத்தில் விழும்படி பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டிலும் வண்ணங்கள் தெரியும். டி.வி.டி.யில் அவை அதிகம் விரிந்திருக்கும். (சூரிய ஒளியிலோ லேசரிலோ இதைச் செய்ய வேண்டாம்.)

காரணம், தடங்களின் இடைவெளி. சி.டி.யில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 1600 நானோமீட்டர், டி.வி.டி.யில் 740 நானோமீட்டர். ஒளியின் அலைநீளத்தை இந்த இடைவெளியால் வகுத்தால், ஒளி விலகும் கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி நேராக விழுந்தால் சி.டி.யில் சுமார் 24 டிகிரியும் டி.வி.டி.யில் சுமார் 61 டிகிரியும் விலகும். கால்குலேட்டரில் நீங்களே சரிபார்க்கலாம்.

பொறியியல் முதலாம் ஆண்டில் இதே கணக்கை லேசரும் கிரேட்டிங்கும் வைத்து ஆய்வகத்தில் செய்தேன். ஓர் அளவீடு ஒத்துவரவில்லை. மறுபடி எடுக்கச் சோம்பல். வர வேண்டிய விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டேன். கையெழுத்தும் கிடைத்தது. தாமஸ் எப்பசனைப் பற்றிப் படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

வரக்கூடாத வெளிச்சம்

நார்வேயில் பிறந்த எப்பசன், 1989-ல் ஜப்பானில் என்.இ.சி. நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றினார். மெல்லிய உலோகப் படலத்தில் நுண்ணிய துளைகளை வரிசையாக இட்டுப் பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிக வெளிச்சம் வெளியே வந்தது. 1944-ல் ஹான்ஸ் பெத்தே தந்த கணக்குப்படி, அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஒற்றைத் துளையின் ஆரம் பாதியானால், அதில் விழும் ஒளியில் வெளியேறும் பங்கு 16-ல் ஒன்றாகிவிடும்.

எப்பசன் அந்த முடிவைத் தூக்கி எறியவில்லை. 1998-ல்தான் அவரும் நான்கு சக ஆய்வாளர்களும் விளக்கத்தோடு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஒன்பது ஆண்டுகள்! அவர்கள் காட்டிய ஒரு வெள்ளிப் படலத்தின் தடிமன் 200 நானோமீட்டர், துளையின் விட்டம் 150, இடைவெளி 900. விட்டத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி அதன் வழியே தாராளமாகச் சென்றது. துளைகளின் மேல் நேராக விழுந்ததைவிட அதிக ஒளி மறுபுறம் வந்தது.

ஒளி எங்கிருந்து கூடுதலாக வந்தது? புதிதாக எதுவும் உண்டாகவில்லை. துளைகளுக்கு நடுவே உலோகத்தில் விழும் ஒளி, மேற்பரப்பு எலக்ட்ரான்களை அலையாக அசைக்கிறது. இதற்கு சர்ஃபேஸ் பிளாஸ்மான் என்று பெயர். துளைகள் சீரான இடைவெளியில் இருப்பதால்தான் ஒளி இந்த அலையோடு இணைய முடிகிறது. அலை ஒளியைத் துளைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. எந்த அலைநீளம் செல்லும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது இடைவெளிதான். உலோகத்துக்குப் பதில் ஜெர்மானியப் படலத்தில் துளையிட்டபோது இந்த விளைவு இல்லை.

பெத்தே சொன்னது தவறல்ல. அது தனித் துளைக்கான கணக்கு. இங்கே துளைகள் கூட்டாக வேலை செய்கின்றன. நிறம் பிரிக்கும் வடிகட்டிகள், நுண்ணிய அளவில் வேதிப்பொருளைக் கண்டறியும் சென்சார்கள் என ஆய்வுகள் இதிலிருந்து கிளைத்தன. 2014-ல் நானோ அறிவியலுக்கான காவ்லி பரிசு பெற்ற மூவரில் எப்பசனும் ஒருவர்.

இப்போது புரோகிராமைச் சோதிக்கும்போது எதிர்பாராத எண் வந்தால், முதலில் அதை அப்படியே லாக் ஃபைலில் சேமித்துவிடுகிறேன். பெரும்பாலும் அது என் தவறாகத்தான் இருக்கிறது. ஆனால் அழித்துவிட்டால் அதுகூடத் தெரியாதே!