லைன் வண்டிப் பாதையில் கடைக்குக் குறி

லைன் வண்டி டிரைவர் திடீரென நின்றுவிட்டால் படும் பாடு நாம் அறிந்ததே. எங்கள் கடையில் அப்படி நேர்ந்தபோது, பழைய டிரைவர் செல்போனில் பதிவு செய்த பாதை இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். திறந்தால் வரைபடத்தில் வெறும் கோடு! எந்தத் திருப்பத்தில் எந்தக் கடை என்று ஒன்றும் இல்லை. புதுப் பையன் பாதிச் சரக்கை இறக்காமலே திரும்பினான்.

பதிவு ஓடும்போது போன் நாம் போகும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக் கோடாக்கும். அவ்வளவே. கடையின் பெயரை நாம்தான் இட வேண்டும்.

இப்போது ஆஸ்மாண்ட் செயலியில் பயணப் பதிவை ஓடவிட்டு, கடை வாசலில் வண்டியை நிறுத்தியபின், வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்கிறோம். வரும் பட்டியலில் தடப்புள்ளி சேர்க்கும் வசதியைத் தொட்டுப் பெயர், குறிப்பு எழுதிச் சேமிக்கலாம். ‘விருப்பமான இடங்கள்’ என்பதில் சேர்த்து ஏமாறாதீர்கள். நாங்கள் முதலில் ஏமாந்தோம். அவை தனியே தங்கிவிடும். தடப்புள்ளிகளோ பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்புக்குள்ளேயே இருப்பதால், கோப்பை அனுப்பினால் கூடவே போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத ஊரிலும் நடக்கும்.

நெருக்கமான கடைவீதியில் புள்ளி சில மீட்டர் தள்ளி விழும். ஆகவே குறிப்பில் “கோயிலுக்கு எதிர், பின்வாசலில் இறக்கவும்” என்று எழுதுகிறோம். பாக்கித் தொகையை மட்டும் எழுதுவதில்லை. கோப்பு கை மாறும். அது பேரேட்டிலேயே இருக்கட்டும்.