மலையேறுமுன் போட வேண்டிய கணக்கு

வடநாட்டில் பயிலும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஓரிரவு ரயில் பயணமும் ஒரு பகல் பஸ் பயணமும் போதும். இமயத்தின் மடியை அடைந்துவிடலாம். குளிர்கால விடுமுறை வந்தால் நம் சங்கத்து நண்பர்கள் சிலர் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். புறப்படுமுன் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்த மலை எளிதா, கடினமா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தேடுவது தவறு. அத்தவற்றைச் செய்தவன் என்ற உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு டிசம்பரில் நாங்கள் ஐவர் கேதார்காந்தா மலைக்குச் சென்றோம். அது உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ளது. உச்சியின் உயரம் சுமார் 3,800 மீட்டர். டேராடூனிலிருந்து சாங்க்ரி என்ற சிற்றூர் வரை வண்டி போகும். அவ்வூர் ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நடை. முதல் நாள் ஜூடா கா தாலாப் என்னும் ஏரிக்கரையில், சுமார் 2,770 மீட்டரில், தங்குவது வழக்கம். மறுநாள் சுமார் 3,120 மீட்டரில் மேல்முகாம். மூன்றாம் நாள் விடியுமுன் புறப்பட்டு உச்சி.

"புதியவர்க்கு ஏற்ற எளிய மலை" என்று பலரும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பி, திட்டம் வகுத்த நான் ஒரு நாளைக் குறைத்தேன். ஊருக்குத் திரும்ப ரயிலில் இடம் பதிவு செய்திருந்த நாள் நெருங்கியிருந்தது. சாங்க்ரியிலிருந்து ஒரே நாளில் மேல்முகாமுக்குப் போய்விடலாம் என்றேன். வழிகாட்டி வேண்டாம் என்றார். நாங்கள் விடவில்லை. "தொட்டபெட்டா உச்சியில் எனக்கு மூச்சே வாங்கவில்லை, இன்னும் ஐந்நூறு மீட்டர்தானே!" என்றார் எங்களுள் ஒருவர். அவர் கால்பந்து ஆட்டக்காரர். ஐவரில் உடல்வலி மிக்கவர்.

இங்கே இரண்டு கணக்குகள் பிழைத்தன.

முதலாவது, உழைப்பின் கணக்கு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய விதி தந்தார். இன்றைய அளவைகளில் அதை இப்படிக் கூறலாம்: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதனோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். எங்கள் வழி சுமார் எட்டுக் கிலோமீட்டர். தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம். ஏற்றம் 1,170 மீட்டர். அதற்கு 1 மணி 57 நிமிடம். ஆக, 3 மணி 33 நிமிடம். தூரத்தைவிட ஏற்றமே மிகுதியாக நேரத்தை உண்ணுகிறது என்பதைக் காண்க. இதுவும் பழகிய கால்களுக்கு, நல்ல பாதையில், ஓய்வின்றி நடந்தால் மட்டுமே. பனியும் சுமையும் சேர்ந்தபோது எங்களுக்கு எட்டு மணி நேரம் ஆயிற்று. ஆகவே நெய்ஸ்மித் தரும் விடையை இருமடங்காக்கிக் கொள்வது சமவெளிக்காரர்க்கு நல்லது. அப்படியும் பொழுது சாயுமுன் முகாம் சேர முடியுமா என்று பாருங்கள். பயணம் முழுவதற்கும் சராசரி போட வேண்டாம். மிகக் கடுமையான நாள் எதுவோ, அந்த நாளைக் கொண்டே பயணத்தை மதிப்பிட வேண்டும்.

இரண்டாவது, உறக்கத்தின் கணக்கு. மலைமேல் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை; அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றழுத்தம். 3,800 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அதே அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வண்டியில் ஏறி, காட்சி கண்டு, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். இரவெல்லாம் அங்கே உறங்குவதில்லை. மலைநோயைப் பொறுத்தவரை, எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட எவ்வளவு உயரத்தில் உறங்கினோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்குமேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டலாகாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர் கூறும் நெறி. அந்த எல்லையை எட்டுமுன்னும் நிதானம் தேவை. நாங்களோ ஒரே தாவலில் 1,170 மீட்டர் கூட்டியிருந்தோம்.

அன்று மாலை கால்பந்து நண்பர் உணவைத் தொடவில்லை. கேட்டதற்கு, "களைப்பு" என்றார். இரவு ஒன்பது மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே வாந்தி எடுத்தார். நண்பகல் முதலே தலைவலி இருந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஏன் மறைத்தார்? நாங்கள் கேலி செய்வோம் என்று அஞ்சினார். வழியெல்லாம் பின்தங்கியவரை நாங்கள் கேலி செய்துகொண்டுதான் வந்தோம். அதில் என் குரலே பெரிது.

வழிகாட்டி அவரை ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கக்கூடும். சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கக்கூடும். இரண்டும் உயிரைக் கொள்வன. நல்லவேளையாக இரண்டும் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தோம். தலைவலி குறையவில்லை, மீண்டும் வாந்தி. "இனி மேலே போவது பற்றிப் பேச்சே இல்லை. விளக்குகளை எடுங்கள்" என்றார் வழிகாட்டி. டார்ச் வெளிச்சத்தில் அந்த இரவே ஏரிக்கரைக்கு இறங்கினோம். முந்நூற்றைம்பது மீட்டர்தான் இறக்கம். விடிந்தபோது நண்பர் தேநீர் கேட்டார். அந்தத் தேநீரைப்போல் இனிய ஒன்றை நான் பருகியதில்லை. உச்சியை நாங்கள் காணவில்லை.

உடல்வலி மலைநோயைத் தடுக்காது என்பது அன்று நான் கற்ற பாடம். பயிற்சி நடையை எளிதாக்கும். உயரத்துக்குப் பழகும் வேகத்தைக் கூட்டாது. ஆயினும் பயிற்சி வேண்டும். எட்டு வாரங்களுக்குமுன் தொடங்குங்கள். விடுதி மாடிப்படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இறங்குவதையும் பழகுங்கள், தொடையும் முழங்காலும் நோவது இறக்கத்தில்தான். புதுக் காலணியோடு மலைக்கு வராதீர்கள்; ஒரு மாதமேனும் அணிந்து பழக்குங்கள்.

உடை பற்றி ஒரு சொல். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். நாம் விரும்பி அணியும் பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்தால் சூட்டை இழக்கும்; எளிதில் உலராது. உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் வெப்பம் காக்கும் சட்டை, அதற்கும்மேல் காற்றும் நீரும் புகாத மேலுடை என்று அடுக்காக அணியுங்கள். மலைமேல் பசி மந்தமாகும். ஆகவே நாவுக்குப் பழகிய கடலை மிட்டாயோ பொரிவிளங்காய் உருண்டையோ கொண்டு செல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடா. அசெட்டசோலமைடு என்ற மருந்து மலைநோயைத் தடுக்க உதவும். மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். நாளைக் குறைக்க அது அனுமதிச் சீட்டு அன்று.

இவை எல்லாவற்றிலும் மேலான ஆயத்தம் ஒன்று உண்டு. எந்த நிலை வந்தால் திரும்புவது என்பதைப் புறப்படுமுன்பே தாளில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலைமேல் தெளிவாகச் சிந்திப்பது கடினம். ஆசையும் வெட்கமும் குறுக்கே நிற்கும். தலைவலி என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால், அவரைப் பாராட்டும் குழுவாக நாம் இருக்க வேண்டும்.

வரும் டிசம்பரில் அதே ஐவரும் அதே மலைக்குப் போகிறோம். இம்முறை திட்டத்தில் ஒரு நாள் கூடியிருக்கிறது. திரும்புவதற்கான விதிகளே தாளின் முதல் வரிகள். அவற்றை எழுதியவர் கால்பந்து நண்பர். உடன்வர விரும்பும் சங்க நண்பர்கள் காலை ஆறு மணிக்கு விடுதி மாடிப்படிக்கு வரலாம். முதுகுப்பையை மறக்க வேண்டாம்.