வலிப்புக்கு ஆபரேஷன் வேண்டுமா?

வலிப்பு மூளையில் வரும் நோய். பேயும் அல்ல, சாபமும் அல்ல. அது தொற்றாது.

பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு மாத்திரையிலேயே வலிப்பு அடங்கும். தகுந்த இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்கவில்லையா? நாள் கடத்தாதீர்கள். அடுப்படியிலோ குளத்திலோ வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் 1995 முதல் வலிப்புக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். அது நம் குளத்தூருக்குத் தொலைவில் இல்லை.

எல்லோருக்கும் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். வலிப்பு வரும்போது வீடியோ எடுத்தும் பார்ப்பார்கள். மூளையில் வலிப்பு தொடங்கும் இடம் தெரிய வேண்டும். அந்த இடத்தை எடுத்தால் பேச்சு, நினைவு, கைகால் அசைவு பெரிதாகக் கெடாது என்றும் தெரிய வேண்டும்.

முடிவு நோயாளியுடையது. குடும்பத்தார் துணை நிற்க வேண்டும். டாக்டரிடம் கேளுங்கள்:

1. எனக்கு வலிப்பு நிற்குமா?
2. என்ன கெடுதல் வரலாம்?
3. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
4. செலவு எவ்வளவு?
5. பிறகும் மாத்திரை வேண்டுமா?

படிவம் தருவார்கள். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாசியுங்கள். புரியாததைக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எந்த முடிவு எடுத்தாலும், டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.