அப்பா சுவரைத் தட்டிப் பார்த்தார்

மெல்போர்னின் மேற்குப் புறநகர்களான டார்னீட், ட்ருகனினா, மெல்ட்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனால், தமிழ்க் குரல் காதில் விழுவது இப்போது சாதாரணம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா விரலை மடக்கிச் சுவரைத் தட்டுகிறார். டொக் டொக்கென்று சத்தம். "செங்கல் வீடுன்னு சொன்னியேப்பா, அட்டைப்பெட்டி மாதிரி இருக்கே?" அம்மாவின் கவலை வேறு: அடுப்பு எந்தத் திசையில் வரும்? மகனும் மருமகளும் வாசலில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மூன்றுமே நியாயமான கவலைகள். ஆனால் மூன்றுக்கும் விருந்து வீடுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் உலவும் விடைகள் பெரும்பாலும் அரைகுறை. ஆயுளில் ஒரு முறை எடுக்கும் கடனை அந்த அரைகுறையின் மேல் வைப்பது ஆபத்து.

முதலில் அப்பாவின் சந்தேகம். "மரச்சட்டத்தில் கட்டிய வீடு பலமில்லாதது" என்பது நம்மவர்களிடம் ஆழமாகப் பதிந்த எண்ணம். ஊரில் செங்கல் சுவரோ கான்கிரீட் தூணோதான் கூரையைத் தாங்கும். விக்டோரியா மாநிலத்தின் புதிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் கூரையின் பாரத்தைச் சுமப்பது பைன் மரச்சட்டம். வெளியே தெரியும் செங்கல் ஒற்றை வரிசைதான், சுமார் 110 மில்லிமீட்டர் கனம். அதற்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று புக இடைவெளி. உள்பக்கம் பிளாஸ்டர் பலகை. தட்டினால் அந்தச் சத்தம் வரத்தான் செய்யும். சட்டத்தை முறையாக நிறுத்தி, கரையான் தடுப்பும் சரியாகப் போட்டிருந்தால் இந்த வீடு தலைமுறை தாண்டி நிற்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். செங்கல் வரிசையின் அடியில் ஆங்காங்கே சாந்து வைக்காமல் விட்ட செங்குத்துப் பிளவுகள் தெரியும். கொத்தனார் மறந்துவிட்டார் என்று நினைத்து, ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கொஞ்சம் சிமென்டைக் குழைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். அடைக்கவே கூடாது. மழைநீர் செங்கலைத் தாண்டி உள்ளே கசிந்தால் வெளியேற அதுதான் வழி. பூச்செடிக்காக மண்ணைக் கொட்டி அந்தத் துளைகளை மூடுவதும் அதே தவறு. கரையான் கண்ணில் படாமல் ஏறவும் அது வசதி செய்துகொடுக்கும்.

அடுத்தது, எல்லாவற்றிலும் அதிகமாகக் காசைக் கரைக்கும் நம்பிக்கை: "ஃபிக்ஸ்டு பிரைஸ் கான்ட்ராக்ட் போட்டாச்சு, இனி ஒரு டாலர்கூடக் கூடாது."

மாதிரி வீட்டில் கண் பார்ப்பது ஒன்று, பலகையில் எழுதிய விலைக்குக் கிடைப்பது இன்னொன்று. அந்த வீட்டின் கூரை 2.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். அடிப்படை விலைக்கு 2.4 மீட்டர்தான் கிடைக்கலாம். தரை ஓடு, சமையல் மேடைக் கல், விளக்குகள் எல்லாம் கூடுதல் காசு கேட்கும் வகையாக இருக்கலாம். கார் ஏறும் பாதை, வேலி, திரைச்சீலை ஆகியவை விலையில் சேர்ந்தவையா என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். ஆனாலும் இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். தெரியாத செலவு மண்ணுக்குள் இருக்கிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழை பெய்தால் உப்பிக்கொள்ளும் கரிசலை அவர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். மெல்போர்னின் மேற்கில் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை சிதைந்து உருவான களிமண்ணுக்கும் அதே குணம். ஈரம் ஏற ஏற வீங்கும், காய்ந்தால் சுருங்கும். மேற்பரப்பு எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்கும் என்பதை வைத்து, ஏஎஸ் 2870 என்ற ஆஸ்திரேலியத் தரநிலை மனைகளை வகைப்படுத்துகிறது. 20 முதல் 40 வரை 'எம்', 40 முதல் 60 வரை 'எச்1', 60 முதல் 75 வரை 'எச்2', அதற்கும் மேல் 'இ'. இவற்றில் அடங்காத சிக்கலான மனைகளுக்கு 'பி' என்று பெயர். எழுத்து ஏற ஏறத் தளத்தின் அடிவிட்டம் ஆழமாகும், கம்பி கூடும், செலவும் கூடும். களிமண்ணுக்குக் கீழே பாறை தட்டினால் உடைக்க இயந்திரம் வர வேண்டும்.

இந்தச் செலவைத்தான் பல ஒப்பந்தங்கள் 'புரொவிஷனல் சம்' என்ற பெயரில் ஒரு உத்தேசத் தொகையாக எழுதி வைக்கின்றன. வேலை முடிந்தபின் உண்மைச் செலவு எவ்வளவோ அதுதான் பில்லில் வரும். ஒப்பந்தத்தின் பெயரில் மட்டும் விலை நிலையாக இருந்து பயனில்லை. உள்ளே இப்படி எத்தனை உத்தேசத் தொகைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீடு கட்டுபவருக்கு இதில் பாதுகாப்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். விக்டோரியாவின் 1995ஆம் ஆண்டு வீட்டுக் கட்டுமான ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே மண்ணைப் பற்றிய விவரங்களைப் பெறுவது பில்டரின் கடமை. முறையாகப் பரிசோதித்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக அவர் பின்னால் கூடுதல் பணம் கேட்க முடியாது. ஆகவே மண் அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். லேஅவுட் வேலை முடியாத, டைட்டில் வராத மனைக்கு அவசரப்பட்டுக் கட்டுமான ஒப்பந்தம் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கும். கையெழுத்தான ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்ததிலிருந்து 5 வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். கையெழுத்துக்கு முன்பே தனி வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்றவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. அவர்களுக்குத்தான் ஒப்பந்தம் முன்பே விளங்கியிருக்குமே.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். வாஸ்து பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் நம்பிக்கை. அதைக் குறை சொல்ல இங்கே எதுவுமில்லை. "ஊரில் நல்ல வெளிச்சம் தந்த திசை இங்கேயும் தரும்" என்று எண்ணுவதுதான் பிழை. மெல்போர்ன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 38 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கே நிற்கும். ஜூன் மாதக் குளிரில் தொடுவானத்திலிருந்து 29 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். டிசம்பரில் 75 பாகையைத் தாண்டும். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலும் அளவான தாழ்வாரமும் இருந்தால், குளிர்காலத்தில் வெயில் கூடத்துக்குள் நீளும், கோடையில் தாழ்வார நிழலோடு நின்றுவிடும். கூடத்தைத் தெற்கே தள்ளி, வடக்கே கார் நிறுத்துமிடத்தைக் கட்டிவிட்டால், குளிர்காலம் முழுக்க ஹீட்டருக்கு அழ வேண்டியதுதான். மேற்குச் சுவரில் நிழலில்லாத பெரிய கண்ணாடி வைப்பது அதைவிட மோசம். 2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 பாகை செல்சியஸ் வெயில் பதிவானது.

2024 மே முதல் விக்டோரியாவின் புதிய வீடுகளுக்கு ஆற்றல் சிக்கனத்தில் 7 நட்சத்திர மதிப்பு கட்டாயம். திசையைத் தவறவிட்ட வரைபடத்தையும் கூடுதல் காப்புப் பஞ்சும் இரட்டைக் கண்ணாடியும் வைத்து அந்த மதிப்புக்குக் கொண்டுவந்துவிடலாம், காசு கூடும், அவ்வளவுதான். வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாற்றித் தரச் சொல்லி, அம்மாவின் திசைக் கணக்கையும் வடக்கு வெயிலையும் ஒருசேரப் பொருத்த முடியுமா என்று கேட்கும் நேரம் தளம் போடுவதற்கு முன்புதான். கழிவுநீர்க் குழாய்கள் கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்தபின், குளியலறையை நகர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மேற்பார்வை பற்றி இரண்டு நேரெதிர் நம்பிக்கைகள் உலவுகின்றன. ஊர்ப் பழக்கத்தில் வந்தவர்கள், தினமும் போய் நின்று மேஸ்திரியை விரட்டினால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். வந்து சில ஆண்டுகள் ஆனவர்கள், கட்டடச் சர்வேயர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், நாம் எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்கிறார்கள்.

சாவி கைக்கு வரும்வரை கட்டுமான இடம் பில்டரின் பொறுப்பில் இருக்கும். நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. ஆனால் நியாயமான அளவில் போய்ப் பார்க்கச் சட்டம் உரிமை தருகிறது. முன்கூட்டியே நேரம் கேட்டுப் போகலாம். வேலை செய்யும் தச்சரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ "இதை இப்படி மாத்திடுங்க" என்று வாயால் சொல்வதில் மட்டும் பயனில்லை. மாற்றம் எதுவானாலும் விலையோடு எழுத்தில் இருக்க வேண்டும்.

சர்வேயரைப் பொறுத்தவரை, அஸ்திவாரத்துக்கு முன், கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், சட்டம் முடிந்தபின், கடைசியில் என்று நான்கு கட்டங்களே விக்டோரியாவில் நெடுங்காலமாகக் கட்டாயப் பரிசோதனைக்கு உரியவை. கட்டட விதிகள் மீறப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதே அவர் வேலை. ஓடு சீராகப் பதிந்திருக்கிறதா, கேட்ட இடத்தில் ஸ்விட்ச் வந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. அந்தச் சர்வேயரை வீட்டுக்காரர் சார்பில் பில்டரே நியமிக்கவும் கூடாது. குடியேறும் அனுமதிச் சான்றிதழ் வந்துவிட்டால் வீடு குறையில்லாமல் முடிந்தது என்றும் பொருளில்லை. மனிதர்கள் வசிக்கத் தகுந்தது என்பதே அதன் பொருள்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் தனியாக ஒரு பரிசோதகரை வைத்துக்கொள்கிறார்கள். குறிப்பாக ஒரு நாளைத் தவறவிடக் கூடாது: சட்டம் நின்று, ஒயரும் குழாயும் ஓடி, பிளாஸ்டர் பலகை அடிப்பதற்கு முந்தைய நாள். வீட்டின் நரம்பெல்லாம் வெளியே தெரியும் ஒரே நேரம் அதுதான். ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்தால், பின்னால் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.

பணத்தைக் கையாள்வதும் மேற்பார்வைதான். 1995 சட்டம் வகுத்த முறையில் முன்பணம் 5 சதவீதம், தளம் முடிந்தால் 10, சட்டம் 15, லாக்-அப் (வெளிக்கதவும் ஜன்னலும் பொருத்தி வீட்டைப் பூட்டும் நிலை) 35, உள்வேலை 25, கடைசியில் 10. ஒரு கட்டம் முடியாமல் அதற்கான பணத்தைக் கேட்க முடியாது. கெடு நெருங்குகிறது என்று சொல்லி முன்கூட்டியே கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, "பெரிய பில்டர் கவிழ மாட்டார், கவிழ்ந்தாலும் இன்சூரன்ஸ் இருக்கு" என்ற நம்பிக்கை. 2023 மார்ச் 31 அன்று போர்ட்டர் டேவிஸ் என்ற பெரும் நிறுவனம் கலைப்புக்குப் போனது. விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலுமாக ஏறத்தாழ 1,700 வீடுகள் பாதியில் நின்றன. அதைவிட அதிர்ச்சி தந்தது, முன்பணம் கட்டியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இன்சூரன்ஸே எடுக்கப்படவில்லை என்ற செய்தி. அந்தக் குடும்பங்களுக்கு விக்டோரியா மாநில அரசு தன் நிதியிலிருந்து முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இன்சூரன்ஸ் இருந்தவர்களும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அப்போதைய விதிப்படி அது பில்டர் இறந்தாலோ, திவாலானாலோ, காணாமல் போனாலோ, தீர்ப்பாயம் அல்லது நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்றத் தவறினாலோதான் கைகொடுக்கும். உச்சவரம்பு 3 லட்சம் டாலர். வேலையை முடிக்காமல் விட்டதற்கு ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரையே கிடைக்கும். பில்டர் உயிரோடும் தொழிலோடும் இருந்துகொண்டு குறையைச் சரிசெய்ய மறுத்தால், அந்தக் குடும்பம் முதலில் தாவாவுக்குத்தான் போக வேண்டும். அதன்பின் விதிகள் இறுகிவருகின்றன. 2025 ஜூலை 1 முதல் பில்டிங் அண்ட் பிளம்பிங் கமிஷன் என்ற புதிய அமைப்பு பொறுப்பேற்றிருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை அங்கே கேட்டுக்கொள்வது நல்லது.

மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரும் உங்கள் மனையின் முகவரியும் அச்சிட்ட இன்சூரன்ஸ் சான்றிதழை வாங்கி, அதை வழங்கியவர்களிடமே சரிபாருங்கள். அது கைக்கு வரும்வரை முன்பணத்துக்கான காசோலையை மேசை இழுப்பறையிலேயே வைத்திருங்கள்.