மணி அடித்த பின்னும்

ஜொகூரில் ஓர் இடைநிலைப்பள்ளி. கடைசி மணி அடித்ததும் மாணவர்கள் பேருந்தை நோக்கி விரைகின்றனர். ஆசிரியர் அறையிலோ சிலர் இன்னும் அமர்ந்திருக்கின்றனர். திருத்த வேண்டிய கட்டுரைகள், வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவுகள், புறப்பாட அறிக்கை, நாளைய பாடத்திட்டம் ஆகியவை மேசையில் காத்திருக்கின்றன. ஆசிரியரின் களைப்பு பாடம் நடத்துவதால் மட்டும் வருவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் பணிச்சோர்வு என்பதற்கு விளக்கம் அளித்தது. அது நோயன்று, சரியாகக் கையாளப்படாத பணி அழுத்தம் நீண்ட நாள் தொடர்வதால் ஏற்படும் நிலை. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பு உண்டாதல், தம்மால் திறம்படச் செயல்பட முடியவில்லை என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றுள் மூன்றாவதே கொடியது எனலாம். நன்கு கற்பிக்கும் ஆசிரியரும் தம்மைக் குறைத்து எண்ணத் தொடங்கிவிடுவார்.

தமிழாசிரியரின் நிலையைப் பார்ப்போம். தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பல பள்ளிகளில் தமிழாசிரியர் ஒருவரே இருப்பார். படிவம் 1 முதல் 5 வரை எல்லா வகுப்புகளும் அவருடையவை. கால அட்டவணையில் இடம் கிடைக்காவிட்டால், மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகே தமிழ் வகுப்பு தொடங்கும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கும்படி மாணவர்களிடம் பேசுபவரும் அவரே. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஆண்டு வகுப்பு நடக்குமா என்ற கவலையும் அவரோடு வீட்டுக்குச் செல்கிறது.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. ஆணை நீங்கியது, புலனக் குழுக்கள் நீங்கவில்லை. “ஆசிரியரே, எந்தப் பக்கம்?” என்று இரவு பத்து மணிக்கு நாம் அனுப்பும் கேள்வி சிறியதுதான். ஆனால், அவருக்கு ஐந்து வகுப்புகளிலிருந்தும் அத்தகைய கேள்விகள் வருகின்றன.

ஓய்வு நாளிலும் ஜொகூர் ஆசிரியர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. 2014 முதல் 2024 வரை இம்மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். கணவரோ மனைவியோ அங்கு வேலை செய்தால், குடும்பம் ஒன்றுகூடக் கிடைத்தது சனிக்கிழமை மட்டுமே. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரிலும் சனி, ஞாயிறு மீண்டும் விடுமுறை நாள்களாயின. இப்போது இரண்டு நாள் சேர்ந்திருக்கலாம், பள்ளி நிகழ்ச்சி ஏதும் குறுக்கிடாவிட்டால்.